விழுந்துபோன ஒரு ‘த்து’

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மகளை மருமகளாகப் பெற்றவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் உள்பட அனைவரும் நலம். ‘நான் உள்பட’ என்பதை இத்தனை வருடக் கடிதங்களில் ஒரு மரியாதைக்குத்தான் எழுதிவந்தேன். இந்த முறை அது செய்தி.

நான் மருத்துவமனையிலிருந்து திரும்பியும் நீங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஞாயிறுதோறும் நீங்கள் உட்கார்ந்து, அடுத்த தெருவுக்கும் கேட்கும்படி செய்தித்தாள் வாசிக்கும் பிரம்பு நாற்காலியில் இப்போது மடிக்காத துணிகள் உட்கார்ந்திருக்கின்றன. அவை வாசிப்பதில்லை. நீங்கள் வராத காரணம் எனக்குத் தெரியும்: வெட்கம். அதைப் போக்கவே இந்தக் கடிதம்.

அன்று உங்கள் வாசிப்பில் வந்த ஒரு பிழையைத் திருத்த வாயெடுத்தவன் அப்படியே தரையில் சாய்ந்தேன் அல்லவா, அதற்குப் பிறகு நான் போன இடம் நான் வேலை பார்த்த அச்சகம் போலவே இருந்தது, ஆனால் கூரை இல்லை, பால் போன்ற வெளிச்சம், எங்கு பார்த்தாலும் வெள்ளைத் தாள்கள் காற்றே இல்லாமல் மெல்லப் புரண்டுகொண்டிருந்தன, அவற்றில் நானும் ஒரு தாளாக அச்சு மேடையில் மல்லாந்து கிடந்தேன், பிழையே இல்லாமல் இருப்பது இவ்வளவு சுகமா என்று நினைத்துக்கொண்டேன். ஆயுள் முழுக்கப் பிழை திருத்தியவனுக்கு அப்படியொரு ஓய்வு கிடைத்ததில்லை. அப்போதுதான் வெகுதூரத்தில் என் மனைவியின் குரல், “ஐயோ அண்ணா, போன்ல என்ன சொல்றாங்க?” என்றது. அதற்கு உங்கள் குரல், மைதானத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற அதே குரல்:

“அழுங்க! பக்கத்துல மண்டி போட்டு நல்லா அழுங்க! வேகமா அழுங்க! நடுவுல நிறுத்தாம அழுங்க!”

அவசர உதவிப் பெண்மணி ‘அழுத்துங்க’ என்றுதான் சொல்லியிருப்பார். காலமெல்லாம் விசில் ஊதிய உடற்பயிற்சி ஆசிரியரின் காது அதிலிருந்த ‘த்து’வைக் கீழே போட்டுவிட்டது. தாளாகக் கிடந்தபடியே நான் பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன். பென்சிலைத் தேடினேன், கை இல்லை. கத்தலாம் என்றால் வாயும் இல்லை. ஒரு ‘த்து’ இல்லாமல் சாகப்போகிறோமே என்று கிடந்தேன். உங்கள் கண்ணீர் சொட்டுச் சொட்டாக என் நெற்றியில் விழுந்தது. அவ்வளவு அன்பை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் சம்பந்தி, நின்றுபோன நெஞ்சுக்கு அன்பு மட்டும் போதாதாமே.

நல்லவேளை, அச்சு இயந்திரம் என் மேல் இறங்க ஆரம்பித்தது. முதலில் பயந்து பயந்து இறங்கியது. எழுத்து மங்கலாக விழுந்தது. பிறகு யாரோ துணிந்துவிட்டார்கள். ஆழமாக இறங்கி, முழுதாக எழும்பி, உடனே மறுபடி இறங்கி, மூச்சு விடாமல் ஓடியது. எழும்பாமல் அழுந்திக்கிடந்தால் மை அப்பிவிடும் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். எங்கோ ஒரு கரகரத்த குரல் பிரதிகளை எண்ணிக்கொண்டே வந்தது. சரி, ஆம்புலன்ஸ்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று நிம்மதியாக அடுத்த கனவுக்குப் போய்விட்டேன். விலா எலும்பு ஒன்றில் விரிசல் விழுந்திருக்கிறது; தொழில் தெரிந்தவர்கள் கை அல்லவா, குறை சொல்ல மாட்டேன்.

எங்கள் குடியிருப்புக் கூடத்தில் இப்போது இதற்கு வகுப்பு நடக்கிறது. நான் பார்வையாளனாகப் போனேன். ரப்பர் பொம்மையின் நெஞ்சு நடுவில், ஒரு கைமேல் இன்னொரு கை வைத்து அழுத்த வேண்டும். போதிய ஆழம் போனால் பொம்மை ‘டக்’ என்கிறது. நாம் செய்வது சரி என்று வாய்திறந்து சொல்கிற ஒன்றை நம் இரண்டு குடும்பங்களிலும் நான் பார்த்ததில்லை. “வலிக்குமேன்னு பாவம் பாக்காதீங்க, மெல்லத் தடவுனா ஆள் பிழைக்க மாட்டாரு” என்கிறார் பயிற்சியாளர். போனில் ‘அமுக்குங்க’ என்று சொல்லிக்கொடுங்கள், அதில் எந்த எழுத்து விழுந்தாலும் யாரும் அழ மாட்டார்கள் என்று அவரிடம் யோசனை சொல்லியிருக்கிறேன். நீங்களும் ஒருநாள் வந்து கற்றுக்கொள்ளலாம். அழுததற்காக உங்களை மனமார மன்னித்துவிட்டேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் அனைவருக்கும் நீண்ட ஆயுள் அமையட்டும். அதில் எப்போதாவது தடங்கல் வந்தால், பக்கத்தில் இருப்பவருக்கு நல்ல காது அமையட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புச் சம்பந்தி

பி.கு.: உறையில் போடுமுன் இதை என் மனைவி படித்தாள். “யாரு அழுதா? அழறதுக்கு ஏது நேரம்? அந்தப் பொண்ணு ‘அழுத்துங்க’ன்னா, அண்ணா அதையே திருப்பிச் சொல்லிக்கிட்டு, ஒன்னு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டு, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் விடாம அழுத்துனாரு. நான் வாசல்ல வழிகாட்ட நின்னேன். உங்க மூஞ்சில சொட்டுனது அவரு வேர்வை. எலும்ப உடைச்சிட்டோமேன்னு மனுஷன் இந்தப் பக்கம் வரவே கூசுறாரு, நீங்க மன்னிக்கிறீங்களாக்கும்!” என்றாள்.

பிழை திருத்துபவன் கையெழுத்துப் பிரதியைக் கிழிப்பதில்லை, ஓரத்தில் திருத்துவான். ஆகவே மேலே ‘அழுங்க’ என வரும் இடமெல்லாம் ‘அழுத்துங்க’ என்றும், ‘கண்ணீர்’ என்பதை ‘வியர்வை’ என்றும், ‘மன்னித்துவிட்டேன்’ என்பதை ‘மன்னியுங்கள்’ என்றும் திருத்திப் படிக்கவும். நாற்காலியிலிருந்த துணிகளை நானே மடித்துவைத்துவிட்டேன். ஞாயிறன்று வரும்போது அழைப்பு மணியை மட்டும் நன்றாக அழுத்துங்கள். காது கேட்காதவன் நான்தான்.