வீட்டுக்கொரு வக்கீல்

"தப்பாச் சொன்னா, முன்னால குடுத்த மார்க்கையும் பிடுங்கிக்கிடுவானா?"

வெயிலுமுத்து காப்பித் தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஆமாப்பா. ஒரு தப்புக்குக் கால் மார்க்குப் போயிரும். அதான் இந்த வாரமும் இறங்கிட்டு," என்றாள் மகள் ஐஸ்வர்யா. அவள் கையிலிருந்த செல்போனில் மாதிரித் தேர்வின் மார்க் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"குடுத்ததைத் திருப்பி வாங்குத பயலுவ! அவனுவகிட்டப் போயிச் சட்டம் படிக்கணுமாக்கும்!"

வெயிலுமுத்து எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. பஸ்ஸில் விளாத்திகுளம் என்று போர்டு தொங்கினாலும் டிரைவரிடம் ஒரு தரம், கண்டக்டரிடம் ஒரு தரம் கேட்பார். ஏறி உட்கார்ந்தபிறகு பக்கத்து ஆளிடமும் கேட்பார். ஊசி போட வந்த நர்ஸிடம் மருந்துக் குப்பியை வாங்கி மோந்து பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டுவார்.

அப்பேர்ப்பட்ட மனுசன் வழக்கில் மாட்டிக்கொண்டார். நாகலாபுரத்துக்குத் தெற்கே அவருடைய மிளகாய்க் காட்டில் மாயகிருஷ்ணனின் செம்மறிகள் புகுந்து மேய்ந்துவிட்டன. பேசித் தீர்த்திருக்கலாம். மாயகிருஷ்ணன் பேச்சை எவன் நம்புவது? விளாத்திகுளம் கோர்ட்டுக்குப் போனார். மேய்ந்த ஆடுகள் எல்லாம் கறியாகிப் போய்விட்டன. வழக்கு மட்டும் உயிரோடு இருந்தது.

ஒருநாள் வாய்தாவுக்குப் போனவர் கண்ணால் அதைப் பார்த்தார். அவருடைய வக்கீலும் எதிராளியின் வக்கீலும் டீக்கடையில் ஒரே தட்டில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். ஒரே சட்னியைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள்! சட்னியில் ஒன்றாயிருப்பவர்கள் கோர்ட்டில் எப்படி இரண்டாயிருப்பார்கள்? வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி எறிந்தார்.

"இனிமே வக்கீல்னா அது நம்ம வீட்டு ஆளா இருக்கணும். இல்லைன்னா இந்த வழக்கு நான் செத்தாலும் தீராது."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி இசக்கிச்செல்வி எட்டிப் பார்த்தாள்.

பத்து நாள் கழித்து ஐஸ்வர்யா செய்தி கொண்டுவந்தாள். திருச்சியில் பெரிய சட்டப் பள்ளி இருக்கிறதாம். அஞ்சு வருஷப் படிப்பாம். ப்ளஸ் டூ தேறினவர்கள் யாரும் நுழைவுத் தேர்வு எழுதலாமாம்.

"நம்ம வீட்டுல இருந்து ஒரு ஆள் எழுதலாமாப்பா?"

"அதை என்கிட்டக் கேக்கணுமாட்டி? எழுத வேண்டியதுதான்."

கோவில்பட்டியில் பாரூக் பாயின் கம்ப்யூட்டர் கடைக்குத் தாயும் மகளும் சேர்ந்துபோய் விண்ணப்பம் போட்டுவிட்டு வந்தார்கள். அன்றைக்கு இசக்கிச்செல்வி பட்டுச்சேலை கட்டியிருந்தாள்.

"துணைக்குப் போறவளுக்குப் பட்டு எதுக்குட்டி?"

"டவுனுக்குல்லா போறோம்? அழுக்குச் சேலையோட போனா உங்க மானம்தான் போகும்," என்றாள் அவள். அது நியாயமாகத்தான் பட்டது.

அப்புறம் ஆரம்பித்தது படிப்பு. ஞாயிற்றுக்கிழமை தோறும் செல்போனில் மாதிரித் தேர்வு. இப்போது இந்தக் கால் மார்க் தொல்லை.

"இங்க பாரு. உறுதியாத் தெரியாத எதையும் தொடாத. தொட்டாத்தானே பிடுங்குவான்?" என்று உத்தரவு போட்டார் வெயிலுமுத்து.

அடுத்த ஞாயிறு பிடுங்குவதற்கே ஒன்றும் இல்லை. பாதிக் கேள்விக்குமேல் வெறுமனே கிடந்தன. மார்க் முன்னைவிடக் கீழே போய்விட்டது.

சரி, நாமே பக்கத்தில் உட்கார்ந்தால்தான் ஆகும் என்று முடிவுகட்டினார். காட்டு வேலை முடிந்து வந்து சம்மணம் போட்டு உட்காருவார். ஐஸ்வர்யா இங்கிலீஷ் கேள்வியைத் தமிழில் உரக்கச் சொல்லுவாள். சொல்லிவிட்டுக் கொஞ்சநேரம் அடுப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளை யோசிக்கிறது என்று அவரும் பொறுத்திருப்பார்.

"ராமுவோட ஆடுக ராத்திரி சோமுவோட நிலத்துக்குள்ள போயி, விடிய விடிய அங்கனயே படுத்துக் கிடந்துச்சு. யாரு யாருக்கு நஷ்டஈடு குடுக்கணும்?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா? சோமுதான் ராமுக்குக் குடுக்கணும்!"

"எப்படிப்பா?"

"ஒரு ராத்திரி ஆட்டுக் கிடை போட்டா நிலத்துக்கு எம்புட்டுப் புழுக்கை, எம்புட்டு உரம்! கிடைக்காரனுக்குக் கூலி குடுக்காம அனுப்புவியா? ஊரு காறித் துப்பும்."

அடுப்படியில் தாளிக்கும் சத்தம் நின்றது.

"அப்போ மாயகிருஷ்ணன் ஆடு நம்ம காட்டுல கிடந்ததுக்கு நாமதான் அவனுக்குக் கூலி குடுக்கணுமோ?" என்று இசக்கிச்செல்வியின் குரல் வந்தது.

"அது வேற! அப்போ செடி நின்னுச்சு!"

"இந்தச் சோமு நிலத்துல செடி நின்னுச்சா, வெறும் தரிசா? கேள்வியில சொல்லியிருக்கா? இல்லேல்லா? அப்ப நீங்களா ஏன் தரிசுன்னு எடுத்துக்கிடுதீங்க?"

"நீ புளியைக் கரை."

அவளை மூன்று பேர் பெண்பார்த்துப் போன காலத்தில் காலேஜில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்தோடு அது நின்றுபோனது. அந்தப் பழக்கமோ என்னவோ, கடலை மடித்த காகிதத்தைக்கூட வாசித்துவிட்டுத்தான் அடுப்பில் போடுவாள். நடுவில் வந்து வாயைக் கொடுக்கிற குணமும் அதனால்தான் என்று வெயிலுமுத்து வைத்திருந்தார்.

அன்றைக்குச் சோமு கூலி கொடுத்ததில் கால் மார்க் போயிற்று.

"அப்பா, கேள்வியில என்ன குடுத்திருக்கோ, அதை அப்படியே நம்பணும். அதுதான் விதி," என்றாள் ஐஸ்வர்யா.

"எழுதினவன் மூஞ்சியைப் பாத்திருக்கியா? அவன் ஊரு தெரியுமா? அப்புறம் எப்படி நம்புவ?"

"இது பரீட்சைப்பா."

"ராமு மாட்டைப் பால் கறக்கும்னு சொல்லி வித்தானாம். சொன்னதுக்கு யாரு சாட்சி? முதல்ல ராமுன்னு ஒருத்தன் இருக்கானா?"

ஒரு வாரம் இப்படியே போனது. சந்தேகம் சொறி மாதிரி. ஒரு ஆளோடு நிற்காது. ஐஸ்வர்யா ஒரு கேள்வியைச் சொல்லி முடிப்பதற்குள் அடுப்படியிலிருந்து, "அந்தச் சோமு கையெழுத்துப் போட்டாம்னு சொல்லுதாங்களே, அது அவன் கையெழுத்துதானா?" என்று குரல் வரும். "முழுசாக் கேளும்மா" என்று ஐஸ்வர்யா தலையில் கையை வைப்பாள். அந்த ஞாயிறு மார்க் படுபாதாளத்துக்குப் போய்விட்டது.

யோசித்துப் பார்த்தார். கேள்விக்குக் கேள்வி குறுக்கே விழுவது யார்? இசக்கிச்செல்வி. அவளை அப்புறப்படுத்தினால் பிள்ளை நிம்மதியாகப் படிக்கும்.

"உங்க அண்ணனைப் பாத்து நாளாச்சே. புதூருக்குப் போயி ஒரு பத்துநாள் இருந்துட்டு வா."

"இப்பவா? பரீட்சைக்கு மாசம்கூட இல்லையே!"

"அதுக்குத்தான் சொல்லுதேன்."

அவள் அவரையே பார்த்தாள். ஏதோ ஒரு சொல் வாய்வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனது. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆவலோடு கேட்டார். "மார்க் எவ்வளவுட்டி?"

"எழுதலைப்பா."

"ஏன்?"

"அம்மா இல்லாம எப்படிப்பா எழுத?"

பிள்ளையின் கண் கலங்கியிருந்தது. வெயிலுமுத்துவுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. வயசு ஏறினால் என்ன, பிள்ளை பிள்ளைதானே. மறுநாள் காலையிலேயே புதூருக்குப் போய்ப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தார். வரும்போதே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"இன்னையில இருந்து நீ அடுப்படிக்குள்ள கால் வைக்கக் கூடாது. பிள்ளைகூடவே உக்காரணும். சோறு, மாடு, தண்ணி எல்லாம் என் பாடு."

"நிசமாவா சொல்லுதீங்க?"

"நான் என்னைக்கிட்டி பொய் சொன்னேன்? மத்தவனுவதான் பொய்."

சொல்வதற்கு என்ன. முதல் நாள் கம்பங்கஞ்சி கட்டி கட்டியாக நின்றது. ஐஸ்வர்யா ஒரு கட்டியை எடுத்து மாட்டுக்குக் காட்டினாள். மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ரசத்தில் உப்பைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது. அதைச் சரிபண்ணிய அன்றைக்கு உப்பு மட்டும்தான் இருந்தது. பால் கறக்கப் போனால் மாடு ஆளை அடையாளம் கண்டு உதைத்தது. ஒரு வேலையை முடித்து நிமிர்ந்தால் அதன் அடியில் இன்னொரு வேலை ஒளிந்துகொண்டிருந்தது. சூடுபட்ட கையை ஊதிக்கொண்டு நிற்கும்போது, இவள் இத்தனை வருஷமாக இதை எப்போது செய்தாள், நான் ஏன் பார்க்கவில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. பார்த்திருந்தாலும் நம்பியிருக்கமாட்டார் என்பது வேறு விஷயம்.

ஊருக்குள் செய்தி பரவிவிட்டது. தண்ணீர்க் குடத்தோடு வரும்போது மாயகிருஷ்ணன் எதிரே வந்தான்.

"என்ன வெயிலு, அடுப்பூதுதியாமே? எனக்கும் ஒரு வாய் ரசம் கிடைக்குமா?"

"கிடைக்கும்லே. எங்க வீட்டுல ஒரு வக்கீல் உருவாகிட்டு இருக்கு. ரசம் முன்னால வரும், நோட்டீஸ் பின்னால வரும்."

"அந்த ரசத்துக்கு நோட்டீஸே தேவலைன்னுல்லா ஊருல பேசிக்கிடுதாங்க."

ஆனால் உள்ளே மார்க் ஏறிக்கொண்டிருந்தது. வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும்போது இருவரும் மாறி மாறிப் பேசுவது கேட்கும். ஒரு குரல் கேட்கும். மற்றது கொஞ்சம் நின்று பதில் சொல்லும். அப்புறம் "சரி!" என்று ஒரு கூச்சல். எது யார் குரல் என்று வெங்காயக் கண்ணோடு அவர் கவனிக்கவில்லை. அந்தச் 'சரி' வரும்போதெல்லாம் கையிலிருந்த எரிச்சல் கொஞ்சம் குறைந்தது.

ஹால்டிக்கெட் எடுக்க மூன்று பேருமாகக் கோவில்பட்டிக்குப் போனார்கள். பாரூக் பாய் எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கி வைத்தார். அச்சாகி வந்த தாளை வெயிலுமுத்து கை நீட்டி வாங்கப் போனார்.

"எண்ணெய்க் கையோட தொடாதீங்க! கறை பட்டா உள்ள விடமாட்டான்," என்று இசக்கிச்செல்வி பாய்ந்து வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டாள். பாரூக் பாய் தும்முவதுபோல் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்புறம் இசக்கிச்செல்வி வடையைப் பிட்டுக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, ஒருவேளை இடம் கிடைச்சிட்டுன்னு வைங்க. திருச்சியில அஞ்சு வருஷம் தங்கிப் படிக்கணும். விடுவீங்களா?"

"இம்புட்டுத் தூரம் வந்துட்டு விடாம என்ன? வீட்டுல ஒரு ஆளு படிக்கப் போறது எனக்குப் பெருமை இல்லையா?"

"ஊரு ஒரு மாதிரிப் பேசும். பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலைம்பாங்க."

"ஊரை நான் என்னைக்கு நம்புனேன்?"

"வீட்டு வேலை?"

"இப்ப யாரு பாக்கா? ரசம் வைக்கப் படிச்சிட்டேன். இன்னும் அஞ்சு வருஷமும் வைப்பேன்."

"பிறகு மாத்திப் பேசக் கூடாது."

"ஏட்டி, உலகத்துல எவன் சொல்லையும் நம்பாத. என் சொல்லை நம்பு. பாய், நீருதான் சாட்சி."

"அண்ணாச்சி," என்றார் பாரூக் பாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதைவிடச் சந்தோசமா நான் எதுக்கும் சாட்சி நிக்கப் போறதில்லை."

இசக்கிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். பெற்ற மனசு, பிள்ளையைப் பிரியப்போவதை நினைத்துக் கலங்குகிறது என்று வெயிலுமுத்து நினைத்தார். மீதி வடையை அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

டிசம்பர் மாதத்து ஞாயிறு. மதுரையில் தேர்வு மையத்தின் முன்னால் ஒரே கூட்டம். கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளிக் கயிறு கட்டி, கூட வந்தவர்கள் யாரும் தாண்டக்கூடாது என்று போட்டிருந்தது. அந்த போர்டு நிசம்தானா என்று மூன்று பேரிடம் கேட்டுவிட்டு ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார் வெயிலுமுத்து. தாயும் மகளும் கேட்டை நோக்கிப் போனார்கள். இன்றைக்கும் அந்தப் பட்டுச்சேலைதான்.

'இவளை எப்படியும் திருப்பி அனுப்பிருவான். வரட்டும்' என்று மடியிலிருந்த கடலைமிட்டாயை எடுத்தார். ஒரு பாதியைத் தான் தின்றார். மறு பாதியை இசக்கிச்செல்விக்கென்று தாளில் மடித்து வைத்தார். கல்யாணமானதிலிருந்து அவளுக்கென்று இப்படி எதையும் அவர் மடித்து வைத்ததில்லை. ஒரே தட்டில் தின்றவர்கள் கட்சிக்காரர்களை ஏமாற்றாமலும் இருக்கலாம், அந்த இரண்டு வக்கீல்களுக்கும் அன்றைக்கு வெறும் பசியாகவும் இருந்திருக்கலாம் என்று முதல்முறையாகத் தோன்றியது. மூன்று மாதம் யாரோ எழுதின கேள்விகளைக் காதில் வாங்கினதில் மனசு கொஞ்சம் இளகித்தான் போயிருந்தது.

மணி அடித்தது. கேட்டைச் சாத்திவிட்டார்கள். நிழல் ஒன்று மேலே விழவும் இசக்கிச்செல்வி வந்துவிட்டாள் என்று, தலை நிமிராமலே பொட்டலத்தை நீட்டினார்.

வாங்கிக்கொண்டது ஐஸ்வர்யா. அவள் பின்னாலேயே வாட்ச்மேன் நின்றான்.

"ஐயா, உங்க பொண்ணைப் பக்கத்துல உக்கார வச்சுக்கங்க. அவுங்க அம்மா பரீட்சை எழுதி முடிக்க ரெண்டு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் கேட்டுல தொங்கிக்கிட்டு 'ஆட்டுக் கேள்வி வந்தா அப்பா சொன்னதை எழுதிறாதம்மா'ன்னு கத்தக் கூடாது!"