கம்பிக்கு இந்தப் பக்கம்

“கீழ பாக்காத. என்னை மட்டும் பாரு. ஒண்ணும் ஆகாது.”

சொல்கிறவர் இரண்டு கைகளாலும் மரத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார். கேட்கிறவள் எதையும் பிடிக்காமல் நிற்கிறாள். அவள் இடுப்பிலும் தொடைகளிலும் பெல்ட், தலையில் ஹெல்மெட், பெல்ட்டிலிருந்து மேலே போகும் வாரின் முனையில் ஒரு கப்பி. கப்பி ஓட வேண்டிய எஃகுக் கம்பி, காட்டின் உச்சிகளுக்கு மேலே நீண்டு போய் இலைகளுக்குள் மறைகிறது. அந்தப் பக்கம் இன்னொரு மரமும் இன்னொரு பலகை மேடையும் இருப்பதாகச் சொல்கிறார்கள். கொஞ்சம் முன்பு அலறிக்கொண்டு போனவர்கள் இப்போது அங்கே சிரிக்கும் சத்தம் கேட்கிறது. இருக்கத்தான் வேண்டும்.

மரத்தைக் கட்டிக்கொண்டிருப்பவரை உங்களுக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்தில் அவர் பெயர் சுந்தரமூர்த்தி, எங்கள் மேனேஜர். உங்கள் அலுவலகத்தில் வேறு பெயரில் இருப்பார், உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொரு பெயரில் வருவார். தைரியம் கொடுக்கும் இனம். உலகத்தில் தைரியம் உள்ளவர்கள் உண்டு, இல்லாதவர்கள் உண்டு. தன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் காட்டாமல் ஊருக்கெல்லாம் வாரிக் கொடுக்கிற இந்த மூன்றாவது கூட்டத்தைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை.

நீச்சல் குளத்தின் விளிம்பில் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு நின்று “குதி, குதி” என்பவர் அவர். பொருட்காட்சியில் எல்லோரையும் ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, எல்லோருடைய செருப்புக்கும் கைப்பைக்கும் காவலாகக் கீழே நின்று கையசைப்பவர். பல் பிடுங்கப் போகிறவனிடம் எறும்பு கடித்த மாதிரி இருக்கும் என்று சொல்லி, தன் கடைவாய்ப் பல்லை மட்டும் ஆறு வருடமாகக் கிராம்பு வைத்துக் காப்பாற்றி வருபவர். வேலையை விடலாமா என்று யாராவது லேசாக முனகினால் விடு என்பவர், விட்டவன் மறுபடி வந்து நின்றால் “அவசரப்பட்டுட்டியே” என்பவர். ஆஸ்பத்திரியில் நாளை வயிற்றைக் கிழிக்கப் போகிறவரின் கட்டிலருகே உட்கார்ந்து, அவருக்காக வாங்கி வந்த ஆரஞ்சைத் தானே உரித்துத் தின்றபடி, “இதெல்லாம் இப்ப ஒரு விஷயமே இல்ல” என்பவர். சரியாகத்தான் சொல்கிறார். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை.

எங்கள் அலுவலகம் பெங்களூரில், பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடி. வெளிநாட்டு வங்கிகளுக்குப் போகும் மென்பொருளில் எங்கே ஓட்டை என்று பார்த்துச் சொல்வது தொழில். வருடத்துக்கு ஒருமுறை எங்களை எங்காவது கூட்டிப் போவார்கள். முன்பெல்லாம் நந்தி மலைக்குப் போனோம், புளியோதரை சாப்பிட்டோம், பாட்டுக்குப் பாட்டு பாடினோம், திரும்பி வந்தோம். யாருக்கும் எந்த முன்னேற்றமும் ஏற்படவில்லை. அதனால் இந்த முறை சுந்தரமூர்த்தி குடகுப் பக்கம் ஒரு காட்டு விடுதியையும் அதன் கம்பியையும் கண்டுபிடித்தார்.

சனிக்கிழமை விடியற்காலை அல்சூர் ஏரிக்கரையில் வேன் ஏறியதிலிருந்து அவர் பேசிக்கொண்டு வந்தார். “பயம் மனசுலதான் இருக்கு. கம்பியில ஒரு தடவை போயிட்டா அப்புறம் வாழ்க்கையில எதுக்குமே பயப்பட மாட்டீங்க” என்றார். இதைக் கேட்டு வேன் டிரைவர் வியந்து திரும்பிப் பார்த்தார். வளைவில் திரும்பிப் பார்த்ததால் நாங்கள் எல்லோரும் பயந்தோம். பிறகு, சும்மா சொல்வதுபோல, புது வேலைக்கு ஒரு டெஸ்ட் லீட், அதாவது குழுத் தலைவர், போட வேண்டியிருக்கிறது என்றார். முகேஷ் அல்லது சங்கமித்ரா என்று எல்லோருக்கும் தெரியும். “லீடுன்னா டெக்னிக்கல் மட்டும் இல்ல. நாளைக்கு மரத்து மேல யார் யாருன்னு தெரிஞ்சிடும்.”

சங்கமித்ரா பெங்களூரிலேயே, மர்பி டவுன்காரி. ஐந்து வருடமாக எங்களோடு இருக்கிறாள். மற்றவர்கள் சரியாக இருக்கிறது என்று அனுப்பியதில் எது சரியில்லை என்று சொல்வாள். அவள் ‘போகக் கூடாது’ என்று நிறுத்தியதை வங்கிக்குப் போகவிட்டு நாங்கள் பட்டது உண்டு. அவளுக்கு லீட் வேலை வேண்டும். அதை அவள் மறைக்கவில்லை. போன தீபாவளியிலிருந்து அதற்காகச் சனிக்கிழமைகளிலும் வந்துகொண்டிருந்தாள். மரத்தின் மேலே இப்போது நிற்பது அவள்தான்.

ஞாயிறு காலை எங்களில் பாதிப் பேர் அவளுக்கு முன்னால் போய்விட்டிருந்தார்கள். அவர்கள் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கம் சேர்ந்த ஒவ்வொருவரும் பறவை மாதிரி இருந்தது என்று கத்தினார்கள். பறவைகள் அப்படி அலறி நான் கேட்டதில்லை. கீழே காடு எப்படி இருந்தது என்று பிறகு கேட்டபோது, கண்ணை மூடியிருந்ததாக ஒருவர் சொன்னார், கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்ததாக இன்னொருவர் சொன்னார், காடா என்றார் மூன்றாமவர். முகேஷ் போனபோது பாதிக் கம்பியில் வேகம் குறைந்து நின்றுவிட்டான். அந்தரத்தில் தொங்கியபடி அம்மாவைக் கூப்பிட்டான். கயிறு வீசி இழுத்தார்கள். மேடையைத் தொட்டதும் இரண்டு கட்டைவிரல்களையும் உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டான். ஆர்க்குட்டில் அந்தப் படம்தான் வரும். அம்மா வரமாட்டாள்.

அடுத்தது சங்கமித்ரா. மேலே வந்தாள், காட்டை நன்றாகப் பார்த்தாள், மேடையில் கப்பி மாட்டிவிடும் கயிற்றுக்காரரிடம் கன்னடத்தில் ஏதோ இரண்டு கேள்விகள் கேட்டாள், பெல்ட் மாட்டிக்கொண்டாள், விளிம்புவரை போனாள். அங்கே நின்று, “வேண்டாம் சார். நான் எறங்கிடறேன்” என்றாள்.

அப்போதுதான் சுந்தரமூர்த்தி மரத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு தைரியம் கொடுக்கத் தொடங்கினார். நீங்கள் உள்ளே வந்தது அந்த இடத்தில்தான்.

“ஏம்மா?”

“வேண்டாம் சார்.”

“அதான் ஏன்?”

“வேண்டாம்னுதான் சார்.”

கவனியுங்கள், நம்மில் இது ஒரு பதிலே ஆகாது. பந்தியில் இரண்டாவது முறை சாம்பார் வேண்டாம் என்றால்கூட, சர்க்கரையா, அல்சரா, உப்பு ஜாஸ்தியா என்று விசாரித்துவிட்டுத்தான் கரண்டியைத் திருப்புவார்கள். காரணம் மட்டும் ஒன்று இருந்துவிட்டால் நம்மைப்போல் இரக்கம் உள்ளவர்கள் கிடையாது. உடனே நாற்காலி போடுவோம், மோர் கொடுப்போம். காரணம் இல்லாமல் ஒரு பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நின்றால் என்ன செய்வது? நமக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது.

“டாக்டர் ஏதாவது சொல்லியிருக்காரா? சொல்லு, நானே கையப் புடிச்சு எறக்கி விடறேன்” என்றார் சுந்தரமூர்த்தி. மரத்தை விடாமல் எப்படி விடுவார் என்று தெரியவில்லை.

“இல்ல சார்.”

“வீட்ல திட்டுவாங்களா?”

“இல்ல சார்.”

“அப்ப பயம்.”

“பயம் இருக்கு சார். முகேஷுக்கும் இருந்துச்சு, அவரு போனாரு. எனக்கு வேண்டாம்.”

மேடைக்கு ஏறும் இரும்புப் படி மரத்தைச் சுற்றிச் சுற்றி வருவது, ஒரு ஆள் அகலம். நாங்கள் அதில் ஒருவர் பின் ஒருவராக நின்றோம். எனக்கு முன்படியில் ஃபாத்திமா. அவள் எட்டி சங்கமித்ராவின் காலணியைத் தட்டினாள்.

“ஏய், தல சுத்துதுன்னு சொல்ட்டு வாடீ.”

“சுத்தலையே.”

“சுத்தலன்னா இன்னா, அவரு உள்ள பூந்து பாக்கப் போறாரா? இன்னாத்துக்கு வாய் குடுத்துனு நிக்கற?”

“சுத்தல ஃபாத்திமா.”

ஒரு சின்னப் பொய் போதும். அதைச் சொல்லியிருந்தால் சுந்தரமூர்த்தியே அவளுக்கு இளநீர் வெட்டச் சொல்லியிருப்பார். அவள் சொல்லாததால் படியில் நின்றவர்கள் ஆளுக்கொன்று சொல்லத் தொடங்கினார்கள். மாசமாக இருக்குமோ என்றது ஒரு குரல். போன வாரம் லிஃப்டை விட்டுப் படியில் ஏறினாளே, இதயமா என்றது அடுத்தது. செய்தி மரத்தைச் சுற்றிச் சுற்றி இறங்கிக் கீழ்ப்படியை அடைந்தபோது அவளுக்குச் சின்ன வயதில் வலிப்பு இருந்தது என்று முடிவாகியிருந்தது. “பாவம், விட்ருங்க சார்” என்று அங்கிருந்து ஒரு நல்ல மனம் கூவியது.

கயிற்றுக்காரர் உள்ளூர்க்காரர், நரைத்த மீசை. வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், தினமும் இரண்டு பேராவது இறங்குவார்கள் என்று படியைக் காட்டிக் கன்னடத்தில் சொன்னார். “நீங்க சும்மா இருங்க, இது டீம் விஷயம்” என்றார் சுந்தரமூர்த்தி, தமிழில். பிறகு எங்களைப் பார்த்து, “எல்லாரும் கைதட்டுங்க. சங்-க-மித்-ரா. சங்-க-மித்-ரா” என்றார். கைதட்ட வேண்டுமானால் கைப்பிடியை விட வேண்டும். யாருக்கும் மனம் வரவில்லை. ஆளுக்கொரு கையால் இரும்பைத் தட்டினோம். படி முழுவதும் அதிர்ந்தது. அந்தப் பக்கத்திலிருந்து முகேஷ், “வா சங்கமித்ரா, சூப்பரா இருக்கு” என்றான். நானும் தட்டினேன். எல்லோரும் தட்டும்போது சும்மா இருந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

சுந்தரமூர்த்தி குரலைத் தாழ்த்தினார். இந்த இனம் தாழ்த்துகிற குரல் ஒரு மாடி தூரம் கேட்கும்.

“லீட் ஆகப் போறவ நீ. நாளைக்கு கிளையன்ட் முன்னாடியும் இப்படித்தான் வேண்டாம்னு நிப்பியா?”

“நின்னுருக்கேனே சார். நீங்கதான் அப்புறம் தேங்க்ஸ்னு மெயில் போட்டீங்க.”

அவள் கயிற்றுக்காரரிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். அவர் “சரி மேடம்” என்று கப்பியைக் கழற்றினார். பெங்களூருக்கு வந்து ஒன்பது வருடமாகியும் கொஞ்சம் என்பதற்கான ‘ஸ்வல்ப’ என்ற ஒரு சொல்லைத் தாண்டாத சுந்தரமூர்த்திக்கு, கொக்கி கழன்ற பிறகுதான் விஷயம் புரிந்தது.

ஏறுவதற்குத் தைரியம் வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இறங்குவதற்கு எதுவுமே எழுதிவைக்கவில்லை, படியும் கட்டவில்லை. அவள் ஒருத்தி இறங்க வேண்டுமென்றால் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் இறங்க வேண்டும். கடைசி ஆளிடம் சொல்லி, அவர் ஏன் என்று கேட்டு, வலிப்பு என்று ஒருவர் விளக்கி, ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் முட்டி, பெல்ட்டும் பெல்ட்டும் சிக்கி, நண்டுபோலப் பின்னால் கால் வைத்து, மரத்தைச் சுற்றிச் சுற்றி நாங்கள் தரைக்கு வந்து, இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றோம். நடுவில் அவள் இறங்கி வந்தாள். பெல்ட்டைக் கழற்றி மடித்துப் பெஞ்சில் வைத்தாள். தண்ணீர் குடித்தாள். பிறகு காட்டுக்குள் போகும் பாதையில் கொஞ்ச தூரம் நடந்து, நாங்கள் மேலே போகப்போகிற மரங்களைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் மறுபடி ஏறினோம், போனோம், பறவை ஆனோம். கடைசி ஆள் போனபோது தூற ஆரம்பித்தது. நான் அதற்குள் நடந்து திரும்பி இந்தப் பக்கத்து மரத்தடிக்கு வந்திருந்தேன். மேடையில் இன்னும் போகாதவர் சுந்தரமூர்த்தி மட்டும். காலையில் முதலில் பெல்ட் மாட்டியவர் அவர்தான். டீ குடிக்கும்போதுகூடக் கழற்றவில்லை. இந்தத் தூறலில் இன்னும் ஒருவர் தாராளமாகப் போகலாம் என்று கயிற்றுக்காரர் கையால் காட்டினார். சுந்தரமூர்த்தி வானத்தைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், படியில் இறங்கினார். படி காலியாக இருந்ததால் யாரும் ஒதுங்க வேண்டியிருக்கவில்லை. ஏன் என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. வேனில் ஏறியதும் அவராகவே, “மலேசியாவுல இதைவிட ரெண்டு மடங்கு நீளத்துல போயிருக்கேன்” என்றார். பிறகு சங்கமித்ராவின் பக்கம் திரும்பி, “உன்னாலதான் டைம் போச்சு. எனக்குத்தான் சான்ஸ் போச்சு. பரவால்ல” என்றார். வேனில் சிரித்தோம். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நீங்களும் இதுவரை சுந்தரமூர்த்தியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தீர்கள். நல்லது. ஆனால் உள்ளுக்குள் ஒன்று குடைந்துகொண்டே இருக்கிறதல்லவா? எல்லாம் சரி, அந்தப் பெண் ஏன்தான் போகவில்லை? லீட் வேலை வேண்டும் என்கிறாள், அரை நிமிடக் காரியம், போயிருக்கலாமே? முடிவதற்குள் காரணத்தைச் சொல்லிவிடுவேன் என்று காத்திருக்கிறீர்கள். சொன்னால் உடனே அவள் பக்கம் சேர்ந்துவிடுவீர்கள், அதுவும் தெரியும். எனக்குக் காரணம் தெரியாது. உங்கள் கை எந்த மரத்தைப் பிடித்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் முகேஷ் டெஸ்ட் லீட் என்று மெயில் வந்தது. எல்லோரும் கைகுலுக்கினோம். சங்கமித்ராவும் குலுக்கினாள். பிறகு அவள் சுந்தரமூர்த்தியின் அறைக்குப் போய், தனக்கு ஏன் இல்லை என்று கேட்டாள். இதற்கெல்லாம் காரணம் சொல்லும் வழக்கம் கிடையாது என்றார். அவள் தன் இடத்துக்கு வந்து வேலையைத் தொடர்ந்தாள். மதியம் முகேஷ் டப்பாவில் மைசூர்பாக் கொண்டுவந்தான். ஃபாத்திமா இரண்டு எடுத்தாள். சங்கமித்ரா வேண்டாம் என்றாள். சர்க்கரையா என்று கேட்டான் முகேஷ்.