குணமாக மறுத்த நாரை

ஒரு காட்டில் ஒரு நர்சிங் காலேஜ் இருந்தது. சிங்கராஜா எங்கே என்று கேட்காதீர்கள். அவருக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. அங்கே எல்லா அதிகாரமும் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த ஆமையாரிடம்தான் இருந்தது.

கடல் தாண்டி அந்தக் காட்டுக்கு வந்தவள் செண்பகவல்லி என்னும் நாரை. சொந்த ஊரில் ஆறு வருஷம் நர்சாக இருந்தவள். நோயாளியைத் தானே சோதித்து, தானே மருந்தெழுதும் உயர்நிலை நர்சாக வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. அதற்கான படிப்பு இங்கேதான் இருந்தது.

"ஃபீஸ் உள்ளூர்க்காரங்களுக்குப் பத்துக் கூடை மீன். வெளியூர்க்காரங்களுக்கு நூறு" என்றார் ஆமையார்.

"நூறா? எங்க பரம்பரையே சேர்ந்து அவ்வளவு பிடிச்சதில்லைங்க."

"அப்போ ஒரு வருஷம் இங்கே குடியிருந்ததுக்கு முத்திரை போட்ட காகிதம் கொண்டு வா. நீயும் உள்ளூர்தான்."

வீட்டையே முதுகில் வைத்துக்கொண்டு திரிபவர் அல்லவா, முகவரி இல்லாதவர்களைக் கண்டால் அவருக்கு ஓர் இளக்காரம். செண்பகவல்லி மரம் மரமாக வாடகைக்குக் கேட்டாள். "வெளியூரா? கிளை காலி இல்லை" என்று எல்லா மரத்திலும் ஒரே பதில். வேறு வழி உண்டா என்று விசாரிக்க மறுபடி கவுன்ட்டர் வரிசைக்கு வந்தாள். நாரையின் வழக்கப்படி ஒற்றைக் காலில் நின்றாள். மூன்று நாள் நின்றும் வரிசை நகரவில்லை. கால் மரத்துப்போய்த் தடாலென்று விழுந்தாள்.

எதிரே இருந்த ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். தலைமை நர்ஸ் ராஜம்மா எருமை, அவளுடைய சீட்டில் 'முகவரி: பெண்கள் வார்டு, பதினேழாம் கட்டில்' என்று எழுதி முத்திரை குத்தினாள். அதைப் பார்த்ததும் செண்பகவல்லிக்குக் கால்வலி பறந்துபோயிற்று. ஆனால் அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"கால் எப்படி இருக்கு?" என்றார் டாக்டர் கரடி.

"அய்யோ, தொடாதீங்க டாக்டர்!" என்று அலறினாள். அவர் வாசலில்தான் நின்றிருந்தார்.

பொய் சொல்லிப் படுத்திருக்க வெட்கமாகத்தான் இருந்தது. சும்மா கிடக்கவும் முடியவில்லை. நொண்டுவதுபோல நடந்து போய்ப் பக்கத்துக் கட்டில் மானுக்குக் காய்ச்சல் பார்த்தாள். முள்ளம்பன்றிக்கு ஊசி போட்டாள். அந்த வேலைக்கு அதுவரை ஒரு நர்சும் துணிந்ததில்லை.

மூன்றாம் வாரம் டாக்டர் டிஸ்சார்ஜ் எழுதப் பேனாவை எடுத்தார். ராஜம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"இந்தப் பொண்ணை அனுப்பினா நானும் கிளம்பிடுவேன். ஊசியெல்லாம் நீங்களே போட்டுக்கோங்க."

டாக்டர் முள்ளம்பன்றியை ஒரு முறை பார்த்தார். 'மேலும் ஒரு வாரம் கண்காணிப்பு' என்று எழுதினார். அடுத்த வாரமும் அதையே எழுதினார். இப்படியே ஒரு வருஷம் ஓடியது.

முத்திரைகள் நிறைந்த சீட்டுடன் செண்பகவல்லி கவுன்ட்டருக்குப் போனாள். அவள் கவனிப்பில் குணமாகிப் போன நீர்நாய்கள் பத்துக் கூடை மீனையும் கொண்டுவந்து இறக்கின. ஆமையார் ஒவ்வொரு முத்திரையாகப் பார்த்து, "உள்ளூர்தான். சேர்த்தாச்சு" என்றார். அவள் சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

ஆமையார் கழுத்தை வெளியே நீட்டி, குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, எங்க வீட்டுக்கு வரப்போற மருமக வெளியூர்ப் பொண்ணு. அவளும் படிக்கணுங்கறா. அந்தப் பதினேழாம் கட்டில் இப்ப காலிதானே?"

நீதி: வாழ்க்கையில் முன்னேற நினைப்பவர்கள் அவசரப்பட்டுக் குணமாகிவிடக் கூடாது.