எட்டு மணிச் சங்கும் கூழைக்கடாக்களும்

சேரப்பணஞ்சேரி,
14.2.1991

மச்சான் எல்லப்பன் அவர்களுக்கு, உங்கள் அக்காள் புருஷன் நரசிம்மன் வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் குடும்பத்தோடு சௌக்கியமாக இருப்பீர்கள். நாங்களும் சௌக்கியம் என்று எழுதினால்தான் கடிதத்துக்கு மரியாதை, ஆகவே சௌக்கியம்.

குன்றத்தூரில் உங்கள் தெருப்பக்கம் எங்களுக்கு ஓர் அறை பாருங்கள். மில் குவார்ட்டர்ஸை விட்டு ஞாயிற்றுக்கிழமையோடு துரத்தப் போகிறார்கள். மில்லை மூடிய பிறகு முதலாளி மகன் மில் குளத்தில் மீன் விட்டு, தூண்டில் போடவும் பறவை பார்க்கவும் ஆட்களை வரவழைப்பது உங்களுக்குத் தெரியும். டைம் ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவன் என்று என்னையே காவலுக்கு வைத்து, "தினம் எந்தப் பறவை வந்துச்சுன்னு எழுதி வை" என்றார். நானும் பழைய மஸ்டர் ரோலில் நீர்க்காகத்துக்கு முதல் ஷிப்ட், நாரைக்கு ஜெனரல் ஷிப்ட், இருட்டினால் வரும் வக்காவுக்கு நைட் ஷிப்ட் என்று எழுதி, வராததற்கு ஆப்சென்ட் போட்டேன். அதுவரை குறையில்லை. போன ஞாயிறு மெட்ராஸிலிருந்து முப்பது பேர் பைனாகுலரோடு வந்தார்கள். குளம் நிறையக் கூழைக்கடா. அவர்கள் தலைவர் பாண்டுரங்கன், மூச்சுகூட விடாதீர்கள் என்று ஜாடை காட்டினார். அப்போது மணி எட்டு, முப்பது பேரும் ஷிப்டுக்கு வந்ததுபோல் வரிசையாக நிற்கிறார்கள். இருபத்தெட்டு வருஷமாக எட்டு மணிக்கு இந்தக் கை எதைச் செய்ததோ அதையே செய்தது. மில் சங்கை ஊதிவிட்டேன் மச்சான்! முறைப்படி ஒரு நிமிஷம் முழுக்க. நிமிர்ந்து பார்த்தால் குளத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது. "யோவ், இன்னாயா பண்ணி வெச்ச!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் உங்கள் அக்காள்.

அடுத்த ஞாயிறு அவர்கள் மறுபடி வருகிறார்களாம், அதற்குள் பறவை திரும்பாவிட்டால் வேலையும் இல்லை, வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்கிறார் முதலாளி மகன். பொரி இறைத்தேன், மீன் வந்து தின்றது. கிடங்கில் மிஞ்சிய பஞ்சைச் சாக்கில் திணித்து ஒரு கூழைக்கடா செய்து மிதக்கவிட்டேன். தூண்டில்காரர் ஒருவர் அதைப் பெரிய மீன் என்று அரைமணி நேரம் இழுத்துவிட்டு, என்னை ஏசிவிட்டுப் போனார். வேலை போனால் போகட்டும். நாங்கள் பிள்ளை பெற்று வளர்த்த வீடு மச்சான், நினைத்தாலே அழுகை வருகிறது.

காந்திமதிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. குன்றத்தூர் முருகன் உங்களை வாழவைக்கட்டும், அவகாசம் இருந்தால் என்னையும்.

இப்படிக்கு,
நரசிம்மன்

பின்குறிப்பு: அறை பார்க்க வேண்டாம். கடிதத்தை ஒட்டும்போது முதலாளி மகன் வந்தார். மீனைத் தின்னப் பறவை இல்லாததால் தூண்டில்காரர்களுக்குக் கூடை நிறைகிறதாம், பறவை பார்ப்பவர்களை இனி வர வேண்டாம் என்றுவிட்டாராம். "இனிமே தினம் மூணு வேளையும் சங்கு ஊது, ஒரு கொக்குகூட இறங்கக் கூடாது" என்று உத்தரவு. வேலையும் வீடும் நிலைத்துவிட்டன. ஆனால், "இருபத்தெட்டு வருசம் கேட்ட காது, மறுபடியும் கேக்கணுமா? நான் எந்தம்பி வூட்டுக்குப் போறேன்" என்று உங்கள் அக்காள் சந்திரம்மாள் டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறிவிட்டாள். இது கிடைக்கும்போது அங்கே இருப்பாள். எப்படியாவது திருப்பி அனுப்புங்கள். தனியாக இருக்க எனக்கு எதற்கு மச்சான் இந்த வீடு?