மாமன் சீராக வந்த காப்பி மிஷினைத் திருப்பி அனுப்பும் விஷயமாக

பரமத்தி வேலூர்,
ஐப்பசிக் கடைசி, சனிக்கிழமை.

சூரமங்கலத்தில் ஓட்டல் சாமான் கடை வைத்து நாலு பேர் மதிக்க வாழ்ந்துவரும் என் மைத்துனர் செங்கோட்டையன் அவர்களுக்கு, அக்காள் புருஷன் சின்னுசாமி எழுதிக்கொள்வது.

இவ்விடம் நானும் தங்கள் அக்காள் கண்ணாத்தாளும் பெண் வசந்தாமணியும் கறவை எருமையும் சுகம். தாங்கள் கொடுத்த காப்பி மிஷினுக்கு மட்டும் சுகமில்லை. அவ்விடம் தாங்களும் தங்கச்சி ராஜம்மாளும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இவ்வளவு கோபத்திலும் வேண்டிக்கொண்டேன் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆவணி மாதத்தில் தாங்கள் அந்த மிஷினை டெம்போவில் ஏற்றி, மாலை போட்டு, முன்னால் மேளம் வைத்துக் கொண்டுவந்து பஸ் ஸ்டாண்டில் என் காப்பிக் கடை முன்னால் இறக்கினீர்கள். "மச்சான், எங்கக்கா புள்ளைக்கு மாமன் சீருங்க இது. கல்யாணத்துக்கு வர்ற ஒறம்பரை அத்தன பேருக்கும் இதுலதான் காப்பி. கல்யாணம் முடிஞ்ச பொறவு உங்க கடையிலயே இருக்கட்டும்" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னீர்கள். கரூர் பஸ் டிரைவர் வண்டியை எடுக்காமல் இறங்கி வந்து பார்த்தார். மேலே இருக்கும் பித்தளைக் குமிழையும், முள் ஆடும் வட்டத்தையும் தொட்டுத் தொட்டுத் தாங்கள் என்னவோ விளக்கிச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. என்ன சொன்னீர்கள் என்பது ஞாபகம் இல்லை. வெற்றிலை வியாபாரிகள் ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருக்கும்போது குமிழைப் பற்றி யாருக்குக் காது கேட்கும்? தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

ஆயுத பூஜை வரைக்கும் குறை சொல்ல ஏதுமில்லை. பொய் சொன்னால் வாய் வெந்துபோகும். நுரை ததும்பத் ததும்பக் காப்பி இறங்கியது. நாமக்கல் பஸ்ஸில் போகிறவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுக் குடித்தார்கள். ஆயுத பூஜையன்று நான் அந்த மிஷினுக்குச் செய்த மரியாதையை இந்தப் பக்கத்தில் எந்த லாரிக்காரரும் தன் லாரிக்குச் செய்திருக்க மாட்டார். துடைத்துப் பளபளவென்று ஆக்கி, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் சுற்றி உடைத்து, அதற்கு நெற்றி எது என்று நன்றாகப் பார்த்து என் கையாலேயே சந்தனத்தைக் கெட்டியாக அப்பிக் குங்குமமும் வைத்தேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் பழைய பொட்டின் மேலேயே புதுப்பொட்டும் வைத்துவருகிறேன். சொந்த மாமியாருக்குக்கூட நான் இவ்வளவு செய்ததில்லை. இப்படித் தாங்கியும் அது பூஜைக்கு மறுநாளே குணத்தைக் காட்டிவிட்டது.

முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய் அங்கே நின்று நடுங்குகிறது. வயிற்றுக்குள் கடமுடவென்று சத்தம். தூள் போட்ட கைப்பிடியை மாட்டித் திருகினால் டிகாக்ஷன் இறங்க வேண்டியது போய்ச் சீறி அடிக்கிறது. வாயில் வைத்தால் கருகிய வாசம். உடம்பெல்லாம் கொதிப்பதால் மாஸ்டர் ராசு கையில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு பாம்பு பிடிக்கிறவன் மாதிரி அதனிடம் போகிறான். சரி, சித்த நேரம் ஆறட்டும் என்று சுவிட்சை அணைத்தால் அடுத்து வருவது காப்பி இல்லை, கழுநீர். ஒன்று கருகல், இல்லாவிட்டால் கழுநீர், நடுவில் ஒன்றும் கிடையாது.

இதை மரியாதையாகக் கவரில் வைத்துத் தங்களுக்கு எழுதினேன். தாங்கள் கார்டில் பதில் போட்டீர்கள். "தண்ணீரைப் பார்க்கவும். தூளைப் பார்க்கவும். கரண்டைப் பார்க்கவும். சிக்கரி கூடுதலோ?" இதுதான் பதில். கார்டு என்பதால் தபால்காரர் வழியிலேயே படித்துவிட்டு, கடை நிறைய ஆள் இருக்கும்போது, "ஏனுங்க, சிக்கரி கூடுதலுங்களா?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்தார். தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து காப்பி போடுகிறவன் நான். என் தூளைப் பற்றி என் கல்லாவுக்கு முன்னாலேயே கேட்க வைத்துவிட்டீர்களே, நியாயமா?

இருந்தாலும் தாங்கள் சொன்னபடியே எல்லாம் பார்த்தேன். போர் தண்ணீர் உப்பு, உள்ளே வெள்ளையாகப் படிந்து சூட்டைக் கிளப்பும் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னதால் போர் தண்ணீரை நிறுத்திவிட்டு வண்டி வைத்துக் காவேரித் தண்ணீர் கொண்டுவந்து துணியில் வடிகட்டி ஊற்றினோம். ஏற்கெனவே படிந்தது கரையட்டும் என்று எலுமிச்சம்பழச் சாறு விட்டுக் கொதிக்கவைத்தோம். படிந்தது கரைந்ததோ இல்லையோ, மறுநாள் காலையில் வந்த காப்பியைக் குடித்துவிட்டு ஒருவர் அப்பளம் கேட்டார். தூளைக் கொரகொரவென்று அரைத்துப் போட்டால் அதைத் தொடாமலே தண்ணீர் ஓடிவிடுகிறது. நைசாக அரைத்தால் சல்லடை அடைத்துக்கொண்டு, பிறகு மூச்சு முட்டினாற்போல் ஒரே அடியாகத் துப்புகிறது. கரண்டையும் விடவில்லை. தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் நின்ற பிறகு வோல்டேஜ் சரியாக வரும் நேரம் பார்த்துப் போட்டோம். அப்போது இன்னும் உற்சாகமாகக் கொதித்தது. ஒவ்வொரு தடவையும் சரியாகிவிடும் என்று நம்பி நம்பி முதல் டம்ளரை நானே குடித்ததில் என் வயிறு போன போக்கை இங்கே எழுத முடியாது.

இதெல்லாம்கூடப் போகட்டும். போன வாரம் சம்பந்தி மணியன் பத்திரிகை விஷயமாகத் திருச்செங்கோட்டிலிருந்து வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மாமன் சீர் மிஷினில் ஒரு காப்பி கொடுக்கலாம் என்று ஆசையாகப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினேன். அது அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சட்டைப்பை இருக்கும் இடமாகப் பார்த்து டிகாக்ஷனை அடித்தது. பாவம், பெரிய மனுஷன், துண்டால் துடைத்துக்கொண்டார். மிச்சம் கிடைத்ததை ஒரு வாய் குடித்து டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, "பொண்ணோட மாமன் கொஞ்சம் கோவக்காரருங்களா?" என்று மட்டும் கேட்டார். மண்டபத்தில் அத்தனை ஜனத்துக்கு நடுவே இதே கூத்து நடந்தால் வசந்தாமணி போகிற வீட்டில் காலத்துக்கும் சொல்லிக் காட்ட மாட்டார்களா?

மாப்பிள்ளை, கல்லாவில் உட்கார்ந்துகொண்டு நான் இதைப் பலவாறாக யோசித்துப் பார்த்தேன். கடையில் வாங்கிய சாமான் என்றால் சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுநாள் அதே கடைக்காரனோடு சிரித்துப் பேசலாம். சீராக வந்ததை அப்படிச் செய்ய முடிகிறதா? அதைக் குறை சொன்னால் கொடுத்தவரைக் குறை சொன்னதாகிறது. சொல்லாமல் வைத்துக்கொண்டால் தினமும் பார்த்துப் பார்த்து மனசுக்குள் கொடுத்தவரையே வைதுகொண்டிருக்கிறோம். இரண்டாவதுதான் மோசம் என்று எனக்குப் படுகிறது. ஆகவேதான் இதை எழுதுகிறேன்.

வருகிற திங்கட்கிழமை மிஷினை லாரியில் ஏற்றி அனுப்புகிறேன். பெற்றுக்கொள்ளவும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சீரைத் திருப்பிய பிறகு தங்களை மணமேடைக்குக் கூப்பிட எனக்கு முகமில்லை. ஆகவே வசந்தாமணி நெற்றியில் மாமன் கட்ட வேண்டிய பட்டத்தைக் கட்டுவதற்குத் தங்கள் பெரியப்பா மகன் செங்கோடனைக் கூப்பிடுவதாக முடிவு செய்திருக்கிறேன். அவனும் முறைக்கு மாமன்தானே. இதைச் சொன்னதும் தங்கள் அக்காள், "எங்கூடப் பொறந்தவன் கல்லாட்டமா இருக்கறப்ப எம்புள்ள நெத்தியில இன்னொருத்தன் கை படறதா? நீங்க நல்லா இருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். வசந்தாமணி மட்டும், "அப்பா, கல்யாணத்துல எல்லாருக்கும் மோரே ஊத்திக்கலாமுங்க. எங்க மாமன் வந்தாப் போதுமுங்க" என்றாள். ஆனாலும் ஆம்பிளை சொன்ன சொல்லை மாற்றக் கூடாது என்று இருந்துவிட்டேன். தாங்கள் விருந்தாளியாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். தடையில்லை.

தாங்களும் தங்கச்சியும் குழந்தைகளும் ஆல் போல் தழைத்து, கடையில் சாமான் தங்காமல் விற்று, விற்ற சாமான் திரும்பி வராமல், நோய் நொடியின்றி நீண்ட காலம் வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
மனம் நொந்த மச்சான்,
சின்னுசாமி

பின்குறிப்பு: இதை எழுதி முடித்துத் தங்கள் அக்காளைக் கடைக்கு வரச் சொல்லிப் படித்துக் காட்டினேன். எழுந்துபோய் வெந்நீரும் பழந்துணியும் கொண்டுவந்தாள். "என்ன பண்ற?" என்றேன். "எந்தம்பி பளபளன்னு குடுத்தான். இப்பிடி அழுக்கோட திருப்பி அனுப்பிச்சா ராஜம்மா என்ன நெனப்பா? எங்க ஊட்டுக்குச் சுத்தமாத்தான் போகோணும்" என்று சொல்லிக்கொண்டே தேய்க்க ஆரம்பித்தாள். எல்லாம் போயிற்று, நான் வைத்த பொட்டு மட்டும் போகவில்லை. வாராவாரம் ஏறி ஏறி, காய்ந்து, சூட்டில் ஓடு மாதிரி ஆகியிருந்தது. கொண்டை ஊசியை எடுத்துக் குத்திப் பெயர்த்தாள். பெயர்ந்த இடத்தில், பித்தளைக் குமிழின் நடுவில், ஒரு சின்ன ஓட்டை. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். "கரண்டப் போடுங்க" என்றாள். போட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்த ஓட்டை வழியாகப் புஸ்ஸென்று மெதுவாக ஆவி வந்தது. முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழேயே சாதுவாக நின்றது. தாங்கள் அன்று தொட்டுத் தொட்டுச் சொன்னது என்னவென்று எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. "மச்சான், இந்த ஓட்டைய மட்டும் எதுவும் அடைக்காமப் பாத்துக்கங்க, அது மூச்சு உடற எடம்" என்றீர்கள். நான் தலையாட்டிவிட்டு, அதைத்தான் நெற்றி என்று நினைத்துச் சந்தனம் அப்பியிருக்கிறேன்.

அது வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். ராசு அதன் முன்னால்தான் நிற்பான். வசந்தாமணி எனக்குச் சோறு கொண்டுவந்தால் அதன் பக்கத்தில்தான் தூக்குப்போசியை வைப்பாள்.

கண்ணாத்தாள் முதல் காப்பியைக் குடித்தாள். இத்தனை நாள் கழித்து என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "சிக்கரி கொஞ்சம் கூடுதல்தானுங்க" என்றாள்.

கடிதத்தைக் கிழிக்கப்போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள். "எழுதுனது எழுதுனபடியே போகட்டும். எந்தம்பிய என்னென்ன பேசுனீங்கன்னு அவனும் தெரிஞ்சுக்கட்டும். ஆனா தபால்ல போடக் கூடாது. நீங்களே கொண்டுபோய்க் குடுங்க. அவன் படிச்சு முடிக்கற வரைக்கும் எதுத்தாப்பல உக்காந்திருங்க. முடிச்சதும் வாயத் தொறந்து கூப்புடுங்க" என்றாள். அப்படியே பஸ் ஏறிவிட்டேன், இந்த மிச்சத்தை பஸ்ஸில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஆகவே திங்கட்கிழமை லாரி வராது. செங்கோடனுக்கும் சொல்லி அனுப்பவில்லை. ஒரு நெற்றியில் வைக்கக் கூடாததை வைத்து நான் பட்டது போதும். வசந்தாமணி நெற்றியில் கட்ட வேண்டியதைக் கட்டத் தாங்கள்தான் வர வேண்டும்.

இப்போது நிமிர்ந்து பார்க்கவும். எதிர் ஸ்டூலில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பவன் நான்தான். மடியில் இருக்கும் பிளாஸ்க்கில் தங்கள் மிஷின் காப்பி இருக்கிறது, சிக்கரி குறைத்தது. ஆறுவதற்குள் முதலில் அதைக் குடிக்கவும். ஏச வேண்டியதை அப்புறம் ஏசிக்கொள்ளலாம்.