ஆத்தண்ணை சொன்ன வழிகள்

யுத்த காலத்தில் வெள்ளவத்தைத் தமிழர்களுக்கு இரண்டே இரண்டு வழிகள்தான் தெரிந்திருந்தன. ஒன்று விமான நிலையத்துக்குப் போவது, மற்றது பொலிஸ் நிலையத்துக்குப் போவது. மூன்றாவதாக ஒரு வழி தெரிந்த மனிதர் கொழும்பு முழுவதிலும் ஒருவர்தான் இருந்தார். கடுவெலை, ஹங்வெல்லை, அவிசாவளை என்று களனி ஆற்றைப் பிடித்துக்கொண்டு கித்துல்கலைக் காடுவரை சைக்கிளில் போகிற வழி அது.

அவரை நாங்கள் ஆத்தண்ணை என்று கூப்பிட்டோம். உண்மையில் அவருக்கு ஆற்றைவிடக் காட்டில்தான் ஆசை அதிகம். ஆனால் காடு என்றால் இயக்கம் என்று அர்த்தமான அந்த நாட்களில் ஒரு தமிழரை வீதியில் நின்று 'காட்டண்ணை' என்று கூப்பிடும் துணிச்சல் எங்களில் ஒருவருக்கும் இருக்கவில்லை. அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்தது. அதை எங்களைவிடச் சிப்பாய்கள்தான் அதிகம் வாசித்தார்கள்.

கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் பரமேஸ் அன்ரி நடத்திய போடிங் விடுதியில் நாங்கள் இருந்தோம். விசாவுக்குக் காத்திருந்தவர்கள், வேலை தேடியவர்கள், என்னைப்போல ஏதோ ஓர் அலுவலகத்தில் கிளார்க்காகக் காலம் தள்ளியவர்கள். ஆத்தண்ணைக்கு நாற்பது தாண்டியிருந்தது. கல்யாணம் கட்டவில்லை. ஆனால் கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் மற்றவர்களுடைய கல்யாண அழைப்புக் காட்டுகளுக்குப் பிழை திருத்துவதுதான் அவருடைய உத்தியோகம்.

அவரோடு சாப்பிட உட்காருவது பெரிய சோதனை. சாப்பாட்டுக் கோப்பையில் புட்டு விழுந்ததும் அதைக் குவித்து மலையாக்குவார். உச்சியில் குழி தோண்டி மெல்லச் சொதியை ஊற்றுவார்.

"இதுதான் களனி. வாற வழியைப் பார் தம்பி. இந்த வளைவிலதான் எட்டியாந்தோட்டை. இஞ்சால ரப்பர்த் தோட்டம், அங்கால காடு. ரெண்டுக்கும் நடுவால சைக்கிள் போகும்."

"அண்ணை, அது என்ர கோப்பை."

"உன்ர கோப்பையிலதான் பள்ளத்தாக்கு வடிவா இருக்கு. கொஞ்சம் பொறு."

ஒரு நாள் கேட்டேன், ஏன் இந்த ஆற்றுப் பைத்தியம் என்று. அவர் கோபிக்கவில்லை.

"எங்கட யாழ்ப்பாணத்தில மலை இல்லை. ஆறு எண்டு சொல்லக்கூடியது ஒண்டு, அதுவும் மழைக்கு மட்டும் ஓடும். சின்னனில புத்தகத்தில 'மலையில் பிறந்து கடலில் கலக்கிறது' எண்டு பாடமாக்கினனான். ஒண்டு பிறக்கிற இடத்தையும் காணேல்லை, கலக்கிற இடத்தையும் காணேல்லை. பரீட்சையில மட்டும் சரி போட்டாங்கள்."

அவருடைய கறுப்புச் சைக்கிளுக்குக் காலி வீதி என்கிற பிரதான வீதி ஆகாது. மரமில்லாத வீதியில் மனுசன் சைக்கிள் ஓடுவானா என்பார். ஆகவே வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வேலைக்குப் போக அவர் ஒரு 'காட்டு வழி' வகுத்திருந்தார். அது கறுவாத்தோட்டம் என்ற நகரப் பகுதியின் மரங்களுக்குள்ளால் சுற்றிச் சுற்றிப் போகும். அதில் ஒரேயொரு சிக்கல்தான். கொழும்பில் பெரிய மரங்கள் இருக்கிற இடத்தில்தான் பெரிய மனிதர்கள் இருந்தார்கள். பெரிய மனிதர்கள் இருந்த இடத்தில் சோதனைச் சாவடிகள் இருந்தன. நாங்கள் பஸ்ஸில் ஒரு சாவடியைக் கடந்தால், ஆத்தண்ணை நிழலுக்காக ஒரு கூட்டம் சாவடிகளைக் கடந்தார். பழகிய சிப்பாய்கள் அவரைத் தூரத்தில் கண்டதும் கையசைத்துப் போகச் சொல்லிவிடுவார்கள்.

ஒரு காலை ஓர் அமைச்சர் வீட்டுச் சாவடியில் ஒரு புதிய சிப்பாய் நின்றான்.

"கொஹெத யன்னே?" என்று கேட்டான். எங்கே போகிறாய் என்று அர்த்தம்.

அச்சகத்துக்கு என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆத்தண்ணை மேலே மரங்களைப் பார்த்தார். அவை பூத்திருந்தனவாம். மனம் நிறைந்து, தெளிவான சிங்களத்தில், "கெலேட்ட யனவா, மஹத்தயா" என்றார். காட்டுக்குப் போகிறேன், ஐயா.

யாழ்ப்பாணத்து அடையாள அட்டை வைத்திருக்கும் ஒருவர், யுத்தத்தின் நடுவில், அமைச்சர் வீட்டு வாசலில் நின்று சொல்லக்கூடிய வசனமா அது?

அவரைப் பிடித்துக்கொண்டு போனது அச்சகத்துக்காரர் தொலைபேசியில் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. பரமேஸ் அன்ரி கோயிலுக்கு உடுக்கும் சேலையை உடுத்து, திருநீறு பூசி, என்னையும் இழுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனார். ஆத்தண்ணையைப்போலக் கூட்டிச் செல்லப்பட்டுத் திரும்பி வராதவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே சிலர் உண்டு.

உள்ளே ஒரு வாங்குப் பலகையில் ஆத்தண்ணை இருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்திருந்தது. எதிரே மீசை நரைத்த ஒரு சார்ஜன்ட். பேச்சு சிங்களத்தில் நடந்தது. தமிழில் சொல்கிறேன்.

"எந்தக் காடு?"

"கித்துல்கலைக் காடு, ஐயா."

"நான் அந்தப் பக்கத்தான். எப்படிப் போவாய், சொல் பார்ப்போம்."

ஆத்தண்ணை சொல்லத் தொடங்கினார். பாலம் பாலமாக, வளைவு வளைவாக ஹங்வெல்லை போயிற்று, அவிசாவளை போயிற்று. எட்டியாந்தோட்டை தாண்டியதும் சார்ஜன்ட் மேசையில் தட்டினார்.

"நில். அந்த இடத்தில் ஆற்றோரமாகச் சைக்கிள் போகாது. பாறை."

"போகும், ஐயா. பாறைக்கு மேல்பக்கத்தால் ஒரு பாதை இருக்கிறது."

"நான் பிறந்த ஊர் அது."

"இருந்தாலும் பாதை இருக்கிறது."

அன்ரிக்குச் சிங்களம் விளங்கும். அவர் தமிழில் மெதுவாக, "தம்பி, அவர் சொல்லுறதுதான் சரி எண்டு சொல்லும். உமக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினார்.

"பிழையை எப்பிடி அன்ரி சரி எண்டு விடுறது?" என்றார் ஆத்தண்ணை. பிழை திருத்துகிறவர் அல்லவா.

சார்ஜன்ட் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "இவ்வளவு சொல்கிறாயே, எத்தனை தரம் போயிருக்கிறாய்?"

ஆத்தண்ணை தலையைக் குனிந்தார். "ஒரு தரமும் இல்லை. போய்வந்தவர்களைக் கேட்டு வைத்திருக்கிறேன்."

எனக்கு அன்றுதான் தெரியும். எங்கள் புட்டெல்லாம் பாழானது வெறும் கேள்வி ஞானத்துக்காக.

சார்ஜன்ட் அவருடைய அறுந்த பொத்தானைப் பார்த்தார். "போ. வருகிற பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கே போ. தொங்கு பாலத்துக்குப் பக்கத்து வீடு. அம்மா நம்பாவிட்டால், என் முன்பல் அந்தப் பாலத்தில்தான் விழுந்தது என்று சொல். ஆற்றோரமாகப் பாதை இருக்கிறதா என்று நீயே பார்" என்றார்.

தெஹிவளையில் ஒரு நண்பரிடம் சைக்கிள் இரவல் வாங்கி நானும் கூடப் போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது. அவரைத் தனியே விடப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

அவிசாவளை வரை ஆத்தண்ணை ராசா. ஒவ்வொரு வளைவையும் அது வருவதற்கு முன்பே அறிவித்தார். பிறகு முதல் ஏற்றம் வந்தது. அவர் மிதித்தார். சைக்கிள் நின்றது. இன்னும் மிதித்தார். சைக்கிள் பின்னால் வந்தது. பிறந்ததிலிருந்து சமதரையில் சைக்கிள் ஓடியவருக்கு மலை மேல்நோக்கி இருக்கும் என்ற விசயத்தை ஒருவரும் சொல்லவில்லைப்போலும்.

"அண்ணை, இறங்கித் தள்ளுவமா?"

"இறங்கிறதில்லை. இது இடத்தை ரசிக்கிற பகுதி" என்று இறங்கினார். அன்று பின்னேரம் முழுவதும் நாங்கள் ரசித்துக்கொண்டே தள்ளினோம்.

தொங்கு பாலத்தடியில் ஆற்றைக் கண்டதும் அவர் சைக்கிளை என் கையில் தந்துவிட்டு, சப்பாத்தோடு தண்ணீருக்குள் நடந்தார். இடுப்பளவு, பிறகு நெஞ்சளவு. சட்டைப் பையில் அடையாள அட்டை. "அண்ணை, ஐசி" என்று நான் கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது.

"இது இவ்வளவு சத்தம் போடும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை, தம்பி" என்றார். கண்ணில் வழிந்தது ஆற்றுத் தண்ணீர்தான் என்று நான் வைத்துக்கொண்டேன்.

சார்ஜன்டின் அம்மா பல்லுக் கதையைக் கேட்டதும் சிரித்து எங்களை உள்ளே கூப்பிட்டார். "மகன் சாப்பிடுகிறானா?" என்பது ஒன்றுதான் அவருடைய கேள்வி. பலாக்காய்க் கறியும் சோறும் தந்தார். விடிந்ததும் எங்களைப் பாதை பார்க்கக் கூட்டிப் போனார். பாறைக்கு மேல்பக்கத்தால் பாதை இருக்கத்தான் இருந்தது. ஆனால் அதில் ஆடுதான் போகலாம். "பாதை பாதைதானே" என்றார் ஆத்தண்ணை.

திரும்பி வந்தபோது தேத்தண்ணிக் கடை வானொலியைச் சுற்றிச் சனம் நின்றது. கொழும்பில் குண்டு வெடித்திருந்தது. நிறையப் பேர் செத்திருந்தார்கள். அதற்கு முதல்நாள் தேத்தண்ணி ஊற்றித் தந்த மனிதர் எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மத்தியானம் ஐந்தாறு ஆண்கள் வீட்டு முற்றத்துக்கு வந்தார்கள். ஒருவன் கையில் தடி இருந்தது. அந்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்தார். "இதுகள் என் மகன் அனுப்பின பிள்ளைகள். என்னைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும்" என்றார்.

ஆத்தண்ணை எழுந்து வெளியே போனார். செத்தவர்களுக்காகத் தலையைக் குனிந்து நின்றார். பிறகு, பயத்தில்தான் என்று நினைக்கிறேன், தனக்குத் தெரிந்த ஒரே பேச்சைத் தொடங்கினார். "ஐயா, இந்த ஓடை எங்கே போய் ஆற்றில் சேருகிறது?"

கடைசியில் ஒரு கிழவர், கீழே கோயிலடியில் என்றார். இல்லை, அதற்கு முந்தியே என்றான் இன்னொருவன். ஆத்தண்ணை அடுத்ததைக் கேட்டார். காட்டுக்குள்ளால் அக்கரை ஊருக்குப் போக எவ்வளவு நேரம்? அதில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். அவர் விடவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். தடி வைத்திருந்தவனே கடைசியில் அந்தத் தடியால் மண்ணில் கோடு கீறி வழி காட்டத் தொடங்கினான். வந்தவர்கள் தங்களுக்குள் வாதாடி, களைத்து, வீட்டுக்குப் போனார்கள். அதன் பிறகு ஆத்தண்ணை உள்ளே வந்து குந்தினார். அந்த அம்மா அவருடைய கையைப் பிடித்து அதில் ஒரு கோப்பைத் தேத்தண்ணியை வைத்து, "பீப்பங் புதா" என்றார். குடி, மகனே என்று.

வீதி அமைதியாகச் சில நாட்கள் எடுத்தன. சார்ஜன்டின் தம்பி மணல் லொறி ஓட்டினார். அதில் மணலுக்கு மேல் சைக்கிள்களும், சைக்கிள்களுக்குப் பக்கத்தில் நாங்களுமாகக் கொழும்பு வந்து சேர்ந்தோம்.

பரமேஸ் அன்ரி அழுது முடித்துவிட்டுத் திட்டத் தொடங்கினார். "இனி களனி எண்டு வாயைத் திறந்தீரோ, இந்த வீட்டில உமக்கு இடமில்லை."

"ஓம் அன்ரி" என்றார் ஆத்தண்ணை பணிவாக. கொஞ்சம் யோசித்தார். "மகாவலி கங்கை எண்டு சொல்லலாமோ?"

பிறகு போடிங் கலைந்தது. ஆளுக்கொரு நாட்டுக்குப் போனார்கள். நான் கல்யாணம் கட்டி வத்தளைக்குப் போனேன். யுத்தமும் முடிந்தது. ஆத்தண்ணை தெஹிவளையில் தமக்கை மகளின் மாடி வீட்டில் படுக்கையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு பின்னேரம் பார்க்கப் போனேன். ஆள் மெலிந்து, கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். என்னைக் கண்டதும் முதலில் கேட்டது சுகம் அல்ல.

"எந்த வழியால வந்தனீ?"

நான் முச்சக்கர வண்டியில் நேரே காலி வீதியால் வந்திருந்தேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. களனிப் பாலத்தடியிலிருந்து தொடங்கினேன். கறுவாத்தோட்டத்து மரங்களுக்குள்ளால் வந்தேன், அவை பூத்திருக்கின்றன என்றேன். கால்வாயோரத்தால் திரும்பினேன் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுவில் ஒரு திருப்பத்தைப் பிழையாகச் சொல்ல, கண்ணைத் திறக்காமலே திருத்தினார்.

வீட்டுக்குத் திரும்ப எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்த வழியைச் சுருக்கிச் சொல்ல மனம் வரவில்லை.