மாப்பிள்ளையைப் பற்றி ஓர் அறிக்கை

தெரியாததைத் தெரியாது என்று எழுதினால் சம்பளம் எதற்கு என்று கேட்பார்கள். அதனால், உளவுத் தகவல்களை அலசி அறிக்கை எழுதும் எங்களிடம் அதற்கென்றே சில சொற்கள் உண்டு. எனக்குப் பிடித்தது ‘மறுப்பதற்கில்லை’. (கையில் ஒன்றுமில்லை, நாளை ஏதாவது நடந்தால் என்னைத் திட்டாதீர்கள் என்று பொருள்.)

என் மகள் காயத்ரிக்குக் கரமனையிலிருந்து ஒரு வரன் வந்தது. அவளுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. நிச்சயத்துக்கு முன் பையனைப் பற்றி வெளியே விசாரிப்பது எங்கள் வழக்கம். “உனக்கு அதுதானே ஜோலி” என்று என்னை அனுப்பினார்கள். (அலுவலகத்தில் நான் நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை.)

சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி அந்தக் குடும்பத்தை அறிந்தவர். “தங்கமான பிள்ளையாக்கும்” என்றவர், கொஞ்சம் யோசித்து, “ஒருக்கா பிவரேஜ் கியூவுல கண்ட மாதிரி இருந்து. முதுகுதான் கண்டேன். வேற ஆளாவும் இருக்கும்” என்றார்.

மதுக்கடை வரிசையில் ஒரு முதுகு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: ‘பையன் மது அருந்துபவர் என்பதை மறுப்பதற்கில்லை.’

அலுவலகத்தில் இப்படி எழுதினால் படிப்பவர் கொட்டாவி விட்டுக் கையெழுத்துப் போடுவார். என் நாத்தனாரோ, பையன் வீட்டுக்கு போன் செய்து, சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

“அக்கா, அவன் குடிக்கான்னு நான் சொல்லலியே.”

“மறுக்க முடியாதுன்னு நீதானே எழுதினே? உங்க ஆபீஸுக்கே முடியலன்னா பின்ன என்ன பாக்கி?”

காயத்ரி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“குடிக்கதுக்கு சான்ஸ் பத்துக்கு எத்தனம்மா?”

“ஒண்ணு. அதுவும் அந்த முதுகு அவனோடதா இருந்தா.”

“அப்போ ஒம்பது பங்கு குடிக்க மாட்டான்னுல்லா எழுதணும்.”

மறுநாள் பையன் வீட்டுக்கு நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவனுடைய அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பையன் மட்டும், “முதுகு மட்டும்தானா ஆண்டி?” என்று கேட்டுவிட்டு எழுந்தான். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

“இதானா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

“தெரியாது” என்றேன். உத்தியோகத்தில் சேர்ந்தபின் அந்தச் சொல்லை நான் சொன்னது அன்றுதான். அவனுடைய அம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்று காபியும் வந்தது, மன்னிப்பும் கிடைத்தது. காபியும் வந்தது, மன்னிப்பும் கிடைத்தது. ஆனாலும் சம்பந்தி வீட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் இன்றும் நாலு தடவை அடிக்கவிட்டுத்தான் எடுக்கிறேன். குடும்பக் குழுவில் நான் எதையும் படிக்கலாம், எழுத முடியாது; இது காயத்ரியின் ஏற்பாடு. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மாப்பிள்ளைக்கு அனுப்ப வேண்டும். அவர் பார்த்துத் திருத்திப் போடுவார்.

போன வாரம் அலுவலக ஜன்னலில் மேகத்தைப் பார்த்து, ‘மழை வரக்கூடும், மாடியில் துணி கிடக்கிறது’ என்று அனுப்பினேன்.

‘விசாரிச்சிட்டுப் போடறேன் அத்தை’ என்று பதில் வந்தது.

விசாரித்து முடிப்பதற்குள் துணி முழுக்க நனைந்துவிட்டது.